மணியும் கலசமும்: உலோகங்களின் உட்பிணைப்பு

(திருக்குட நன்னீராட்டு விழாவில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவு)



திருக்கோயிலுக்குக் கண்டாமணி வார்க்கும் நாளில் உலைக்களத்தைச் சுற்றி ஊர் கூடுவது வழக்கம். துருத்தி ஊத, மூசையிலே செம்பு தழற்குழம்பாய்த் ததும்பும் வேளையில், அடியார்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து தத்தம் பொருளை அதில் இடுவர். உடைந்த வெண்கலப் பானையை ஒருவர் இடுவார். பழைய செப்புக்குடத்தை மற்றொருவர் இடுவார். முதிய அம்மையார் ஒருவர் தம் விரலிற் கிடந்த பொன் மோதிரத்தைக் கழற்றிக் கண்களில் ஒற்றிக்கொண்டு உள்ளே விட்டுவிடுவார். சிறிது நேரம் கழித்து அம்மோதிரம் எங்கே என்று வினவினால் காட்ட வல்லார் ஒருவரும் இலர். அஃது அழிந்ததும் அன்று. வார்த்து முடிந்த மணியின் எப்பகுதியைத் தொட்டாலும் அங்கே அம்மோதிரத்தின் ஒரு கூறு இருக்கும்.

வேறு வேறு பாண்டங்களாய் வந்தவை இவ்வாறு ஒன்றாய்க் கலந்துவிடுதல் எதனால்? சுவர்க்கல் இரண்டைத் தீயிலிட்டு ஒன்றாக்கிக் குடம் வார்த்தார் எவரும் இலர். அடித்தால் விரிவதும், இழுத்தால் கம்பியாய் நீள்வதும், துலக்கினால் ஒளிர்வதும், மின்சாரத்தைக் கடத்துவதும் உலோகத்துக்கே உரியனவாதற்குக் காரணம் யாது? அவ்வம்மையார் இட்ட பொன்னால் மணியோசை இனிமை பெறுமா என்பது மற்றொரு வினா. அதற்கு விடை காண, முதலில் அணுவின் இயல்பு காணல் வேண்டும்.

அணுவின் நடுவே நேர்மின்னேற்றம் உடைய கரு ஒன்று உண்டு என்பதும், எதிர்மின்னேற்றம் உடைய எலெக்ட்ரான்கள் அதனைச் சூழ அடுக்கடுக்காய் அமைந்துள்ளன என்பதும் இன்று பள்ளிச் சிறுவரும் அறிந்தன. எலெக்ட்ரானை 1897-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் நகரில் ஜே. ஜே. தாம்சன் என்னும் அறிஞர் கண்டறிந்தார். உள்ளடுக்கில் உள்ளவற்றைக் கரு இறுகப் பற்றியிருக்கும். வெளியடுக்கில் உள்ளவற்றின்மேல் அதன் பிடி தளர்ந்தது. ஓர் அணு மற்றோர் அணுவோடு உறவு கொள்வதெல்லாம் இவ்வெளியடுக்கு எலெக்ட்ரான்களாலேயே ஆம்.

அவ்வுறவு ஒரே வகையினது அன்று. சமையலுப்பில் சோடியம் தன் எலெக்ட்ரானைக் குளோரினுக்குக் கொடுத்துவிடுகின்றது. கொடுத்ததும் கொண்டதும் எதிரெதிர் மின்னேற்றம் உற்று ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. வைரத்தில் அடுத்தடுத்த இரு கரியணுக்கள் தம் எலெக்ட்ரான்களைத் தமக்குள் பங்கிட்டு, இரு வீட்டார்க்கும் பொதுவான இடைச்சுவர் போல வைத்துக்கொள்கின்றன. உலோகத்திலோ கொடுக்கும் அணு உண்டு. இன்னார் பெற்றார் என்பது இல்லை. ஒவ்வோர் அணுவும் தன் வெளியடுக்கினின்று ஒன்றோ இரண்டோ மூன்றோ எலெக்ட்ரான்களைப் பொதுவில் விடுகின்றது. விடப்பட்டவை உலோகக்கட்டி முழுவதற்கும் உரியனவாகி எங்கும் உலவுகின்றன. ஒரு கன சென்டிமீட்டர் செம்பில் இங்ஙனம் உலவுவன ஏறத்தாழ 85 கோடி கோடி கோடி.

திருப்பணி நிதிக்குப் பொருளுதவிய செல்வர்கள் நிறைந்த இம்மன்றத்தில் இதனை விளக்குதல் எளிது. ஒருவர் நூறு ரூபாய் தருகின்றார். ஒருவர் ஆயிரம் தருகின்றார். நிதியிற் கலந்தபின் கோபுரத்து இச்செங்கல் தம் பணத்தால் வந்ததென்று ஒருவரும் சுட்டிக்காட்ட இயலாது. ஆயினும் இஃது ஒருபுடை உவமையே. நன்கொடை அளித்தவர் தம் இல்லம் செல்வார். எலெக்ட்ரானை அளித்த அணுவோ செல்லமாட்டாது. ஒன்றை இழந்தமையின் அது நேர்மின்னேற்றம் உற்று, பொதுவில் உலவும் எதிர்மின்னேற்றக் கடலால் ஈர்க்கப்பட்டு அங்கேயே நிற்கும். செங்கற்களுக்கு இடையே சாந்து நிற்பது போல அக்கடலே அணுக்கள் யாவற்றையும் பிணித்து நிற்கின்றது. ஆனால் இச்சாந்து என்றும் காயாதது. இதனையே உலோகப் பிணைப்பு என்பர். இக்கருத்துக்கு முதன்முதல் கணக்கு வடிவம் தந்தவர் செருமானிய அறிஞர் பவுல் துரூடே; ஆண்டு 1900.

காயாத சாந்து என்பதிலேயே வார்ப்புக்கலையின் அடிப்படை அடங்கியுள்ளது. செம்பு 1085 பாகை சென்டிகிரேடில் உருகுகின்றது. ஆனால் ஆவியாய்ப் பிரிந்து போதற்கு ஏறத்தாழ 2560 பாகை வேண்டும். இடைப்பட்ட நெடிய எல்லை முழுதும் அணுக்கள் தம் இருக்கை விட்டுப் புரண்டோடினும் பொது எலெக்ட்ரான்களின் பிணைப்பு நீங்குவதில்லை. உருகிய செம்பும் ஒளிரும். உருகிய செம்பும் மின்சாரம் கடத்தும். சுவாமிமலைச் சிற்பியர் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து கரு அமைத்து, வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றும்பொழுது, திருமேனியின் நகக்கண் வரை சென்று நிரம்புவது அணுக்கள் பிரியாது ஓடவல்ல இத்தன்மையாலேயே ஆம். பொதுவில் விடப்படும் எலெக்ட்ரான்கள் மிகுந்தால் பிணைப்பும் பொதுவாக மிகும். ஒன்று விடும் சோடியம் 98 பாகையிலேயே உருகிவிடும். இரண்டு விடும் மக்னீசியத்துக்கு 650 பாகை வேண்டும். பல எலெக்ட்ரான்கள் பிணைப்பில் ஈடுபடும் டங்ஸ்டனுக்கு 3422 பாகை. பாதரசம் தன் எலெக்ட்ரான்களை எளிதில் விடாது பற்றிக்கொள்ளும் கருமி. அதனாலேயே உறைபனியினும் குளிர்ந்த நிலையிலும் நீராய் ஓடுகின்றது.

இனி அடித்தால் விரியும் தன்மையைக் காண்போர், உப்புக்கல் ஒன்றையும் பொற்கட்டி ஒன்றையும் அடைகல்லில் வைத்துச் சுத்தியால் அடித்துப் பார்க்கலாம். உப்பு நொறுங்கும். அதில் நேரும் எதிருமாய் மாறி மாறி அணுக்கள் நிற்றலின், ஒரு வரிசை ஓரிடம் நகர்ந்தவுடன் நேருக்கு நேரும் எதிருக்கு எதிரும் எதிர்ப்பட்டு ஒன்றையொன்று தள்ளிவிடும். பொன்னில் அவ்வாறு இல்லை. கடையிலே அடுக்கிய எலுமிச்சம்பழக் குவியல் போல ஒவ்வோர் அணுவையும் பன்னிரண்டு அணுக்கள் நெருங்கிச் சூழ்ந்துள்ளன. வரிசை நகர்ந்தால் பழைய பன்னிருவர் போய்ப் புதிய பன்னிருவர் சூழ்வர். எலெக்ட்ரான் கடல் இருதிறத்தாரையும் ஒருபடித்தாகவே பிணிக்கும். ஆதலின் பொன் பிளவாது விரிகின்றது. ஒரு மில்லிமீட்டரில் பதினாயிரத்தில் ஒரு பங்கு கனமுள்ள ரேக்காகவும் அதனை அடிக்கலாம். அங்ஙனம் அடித்தால் ஒரு கிராம் பொன் அரைச் சதுர மீட்டர் பரப்பை மூடும்.

இதில் நுட்பம் ஒன்று உண்டு. வரிசை முழுதும் ஒருங்கே நகர்வதாயின் அதற்கு வேண்டும் விசை, பொற்கொல்லர் கைச்சுத்தியின் விசையினும் பன்மடங்கு பெரிதாதல் வேண்டும் என்று கணக்கு காட்டிற்று. இத்தடையை 1934-இல் டெய்லர், ஒரோவான், பொலானி என்னும் மூவர் தனித்தனியே நீக்கினர். மண்டபத்தில் விரித்த பெரிய ஜமக்காளத்தை முனை பிடித்து இழுத்தால் அசையாது. ஒருபுறம் சிறு மடிப்பு எழுப்பி அம்மடிப்பைக் காலால் தள்ளிக்கொண்டே போனால் மறுபுறம் சேரும்பொழுது ஜமக்காளம் ஒரு சாண் நகர்ந்திருக்கும். உலோகத்தினுள்ளும் அத்தகைய மடிப்புகள், அஃதாவது அணுவரிசையின் பிறழ்ச்சிகள், இயல்பாகவே உள. அடிக்குந்தோறும் அவை நகர்கின்றன. மேன்மேலும் அடிப்பின் அவை பல்கி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். உலோகம் முறுகி வெடிக்கத் தொடங்கும். அப்பொழுது தட்டார் அதனைத் தழலில் இட்டுச் சுட்டு எடுப்பார். வெப்பத்தால் அணுக்கள் மீண்டும் ஒழுங்குபெற, உலோகம் மென்மை அடையும். காரணம் இன்னதென்று நூலோர் உரைப்பதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கைத்தொழிலோர் இம்முறையைக் கண்டிருந்தனர்.

அடுத்து மின்சாரம் கடத்துதல். உலோகத்தின் இருமுனையில் மின்னழுத்தம் ஏற்படுத்தியவுடன் பொது எலெக்ட்ரான்கள் ஒருதிசை நோக்கிப் பெயர்கின்றன. கடத்துவதில் வெள்ளி முதலாவது, செம்பு இரண்டாவது, பொன் மூன்றாவது. கருங்கல்லிலும் செங்கல்லிலும் எலெக்ட்ரான்கள் யாவும் தத்தம் பிணைப்பில் கட்டுண்டிருத்தலின் அவை கடத்தமாட்டா.

ஈண்டுத் திருப்பணிச் செல்வர்கள் கருதற்குரிய செய்தி ஒன்று உண்டு. விமானத்தின்மேல் செப்புக்கலசம் இருத்தலின் கோயிலுக்கு இடி அச்சம் இல்லை என்றும், கலசத்தினுள் இடும் வரகு மின்னலைத் தாங்கும் என்றும் மேடைதோறும் கூறக் கேட்கின்றோர் பலர். இஃது உண்மைக்கு மாறானது. மாறானது என்பதோடு தீங்கு பயப்பதும் ஆம். இடிதாங்கியின் பணி மின்னலை ஏற்பது மட்டும் அன்று; ஏற்றதனை நிலத்தில் சேர்ப்பதும் ஆம். பெஞ்சமின் பிராங்கிளின் 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் அதனை அமைத்தபொழுதே கூர்ங்கம்பியோடு நிலம் வரை செல்லும் கம்பியையும் உடன் வைத்தார். ஒரு மின்னலில் ஏறத்தாழ 30,000 ஆம்பியர் மின்சாரம் பாய்வது இயல்பு. கலசம் அதனை ஏற்றுக்கொண்டு, கீழே செல்ல உலோக வழி காணாதாயின், அம்மின்சாரம் சுதையிலும் செங்கல்லிலும் புகுந்து வழி தேடும். அவற்றின் துளைகளில் உள்ள ஈரம் கணத்தில் ஆவியாகி வெடிக்கும், சிற்பங்கள் சிதறும். ஆதலின் உயரமான கலசத்தை அமைத்து, அதினின்று நிலம் வரை தடையற்ற செப்புப்பட்டை இறக்காது விடுதல், அழையா விருந்தினரை அழைத்து வாயிலை அடைப்பதோடு ஒக்கும். கலசத்தைத் தூபியில் ஏற்றும் நாளிலேயே துறை வல்லாரைக் கொண்டு அப்பட்டையையும் நிலத்தகட்டையும் அமைத்தல் வேண்டும். அதன்பின் ஆண்டுதோறும் சோதித்தல் வேண்டும். வரகு இடும் மரபுக்குக் காரணம் வேறு கூறுவர். மின்னலுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

துரூடே கூறிய கொள்கை கடத்தலை நன்கு விளக்கிற்று. ஆனால் ஓரிடத்தில் இடறிற்று. எலெக்ட்ரான்கள் காற்றணுக்கள் போலத் தடையின்றித் திரிவனவாயின், உலோகத்தைச் சூடேற்றும்பொழுது அவையும் தமக்குரிய வெப்பத்தைக் கவர்தல் வேண்டும். அளந்து பார்த்தால் அவை பெரும்பாலும் ஒன்றும் கவரவில்லை. இப்புதிரை அவிழ்த்தவர் மியூனிக் நகர்ப் பேராசிரியர் ஆர்னால்டு சோமர்பெல்டு. காலம் 1927, 1928 ஆண்டுகள். எலெக்ட்ரான்களுக்குரிய புதிய விதிப்படி ஓர் இருக்கையில் ஒன்றே அமரலாம். அன்னதான மண்டபத்தில் நெருங்கி அமர்ந்த பந்தியில் நடுவில் இருப்பவர் எழுந்து நகர விரும்பினாலும் இருபுறமும் இடமில்லை. ஓரத்தில் இருப்பவரே நகர்தல் கூடும். அங்ஙனமே மேல்மட்டத்து எலெக்ட்ரான்களில் சிலவே வெப்பம் ஏற்க இயலும். ஏனையவை இருந்தவாறே இருக்கும்.

இவ்வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. 1928-இல் சோமர்பெல்டு இந்தியாவுக்கு வந்து சென்னையிலும் சொற்பொழிவாற்றினார். மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் அவர் தங்கியிருந்த விடுதிக்குச் சென்று, அவர் எழுதிய அணுநூலைத் தாம் கற்றிருப்பதாகக் கூறினார். அந்நூல் வெளிவந்தபின் பௌதிகம் பெரிதும் மாறிவிட்டது என்று உரைத்த பேராசிரியர், உலோகங்களின் எலெக்ட்ரான் கொள்கை பற்றித் தாம் எழுதி அப்பொழுது இன்னும் வெளிவராதிருந்த கட்டுரையின் அச்சுப்படியை அம்மாணவர் கையில் கொடுத்தார். பதினெட்டு வயதைக் கடவாத அம்மாணவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். செம்புக்கும் வெள்ளிக்கும் சொல்லப்பட்ட அவ்விதியையே அவர் 1930-இல் கப்பலில் இங்கிலாந்து செல்லும் வழியில் எரிந்து அடங்கும் விண்மீன்களுக்குப் பொருத்தி, அவற்றின் நிறைக்கு ஓர் எல்லை உண்டெனக் கணித்தார். 1983-இல் நோபல் பரிசு அவரை வந்தடைந்தது. பாத்திரத்துச் செம்பில் உள்ள எலெக்ட்ரான்களும் விண்மீனின் உள்ளே உள்ளனவும் ஒரே விதிக்கு அடங்குவன என்பது எண்ணுந்தோறும் வியப்பளிப்பது.

வெப்பம் கடத்துதல் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. மின்சாரத்தை நன்கு கடத்தும் உலோகம் வெப்பத்தையும் நன்கு கடத்தும். இரண்டையும் சுமப்பன அவ்வெலெக்ட்ரான்களே. செப்புக்கரண்டியின் நுனி கொதிநீரில் இருக்கப் பிடி சுடுவதை அறியாத தாய்மார் இலர்.

ஒளிர்தலும் அவற்றின் தொழிலே. மேற்பரப்பில் விழும் ஒளிக்கு இசைய அவை அசைந்து அவ்வொளியை மீட்டும் வெளிவிடுகின்றன. வெள்ளி எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒப்பத் திருப்புதலின் வெண்மையாகத் தோன்றுகின்றது. பொன் மட்டும் மஞ்சளாயது எவ்வாறு? பொன்னணுவின் கருவில் மின்னேற்றம் 79. அவ்வளவு வலிய கருவினை அடுத்துள்ள எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் பாதிக்கு மேற்பட்ட வேகத்தோடு இயங்குகின்றன. அந்நிலையில் ஐன்ஸ்டீன் கண்ட சார்புக்கொள்கைப்படி அணுவின் அடுக்குகள் சற்று இடம் மாறி அமைய, நீலவொளி உள்ளே கவரப்பட்டு எஞ்சிய மஞ்சளும் சிவப்பும் திரும்பி வருகின்றன. அவ்விளைவு இல்லையாயின் பொன்னும் வெள்ளியும் நிறத்தால் வேறுபடா. விமானத்துக் கலசம் காலை வெயிலில் காட்டும் நிறத்துக்குக் காரணம் இத்துணை ஆழத்தில் உள்ளது.

எலெக்ட்ரான்களின் ஓயாத இயக்கம் கேட்டவுடன், தில்லைக்கூத்தின் பொருள் இதுவே என்றும், முன்னோர் அணுவியலை அறிந்தே திருவுருவம் சமைத்தனர் என்றும் சிலர் பேசத் தொடங்குவர். ஜெனீவா நகரருகே அணுத்துகள் ஆராயும் செர்ன் நிலையத்தில் இந்திய அரசு அளித்த நடராசப் பெருமான் திருவுருவம் 2004-இல் நிறுவப்பெற்றது. அது மகிழ்தற்குரியது. ஆயினும் ஐந்தொழிற் கூத்தின் பொருளுக்கு ஆய்வுக்கூடத்துச் சான்று வேண்டுவதில்லை; சோமர்பெல்டின் கணக்குக்கு ஆகமச் சான்றும் வேண்டுவதில்லை. ஒன்றன் பெருமையை மற்றொன்றினின்று கடன் வாங்குதல் இரண்டுக்கும் இழுக்கு.

செம்பிற் களிம்பு என்னும் சித்தாந்த உவமையைப் பற்றியும் ஒரு சொல். உயிரோடு ஆணவம் அநாதியே உடனிருத்தற்குச் செம்பில் களிம்பை உவமை கூறுவர் ஆசிரியர்கள். களிம்பு செம்பினுள் முன்னரே இருப்பதன்று. செம்பணு தன் எலெக்ட்ரான்களைக் காற்றிலுள்ள உயிர்வளிக்கு இழந்து, ஈரத்தோடும் கரிவளியோடும் கூடுவதால் மேற்பரப்பில் விளைவது என்று இரசாயனம் கூறும். எனின் உவமை பழுதாமோ? ஆகாது. களிம்பு புறத்தே தோன்றினும், களிம்பேறுதற்கு ஏதுவான தளர்ந்த பிடி செம்பின் இயல்பிலேயே உள்ளது. பொன்னுக்கு அஃது இல்லை. அது தன் எலெக்ட்ரானை உயிர்வளிக்கு விட்டுக்கொடுப்பதில்லை. ஆனால் குளிகை இட்டால் செம்பு பொன்னாம் என்பதனை உலகியல் உண்மையாகக் கொள்வார் ஏமாறுவர். கருவின் மின்னேற்றம் செம்புக்கு 29, பொன்னுக்கு 79. எந்த மருந்தும் கருவைத் தொடாது.

கலசத்துக்குப் பொற்பூச்சு இடுவோர் இவ்வேறுபாட்டை மறத்தல் ஆகாது. பொற்பூச்சில் ஊசித்துளை அளவு குறை நேரினும், மழைநீர் பட்டவுடன் அத்துளையில் செம்பு எலெக்ட்ரானை இழக்கும் பக்கமாகவும் சுற்றிலும் உள்ள பொன் அவ்வெலெக்ட்ரான் சென்று சேரும் பக்கமாகவும் நின்று, உள்ளே செம்பு முன்னையினும் விரைந்து அரிபடும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றினால் இது மிகும். மெல்லிய பூச்சைப் பல கலசங்களுக்குப் பரப்புவதினும் குறையற்ற தடித்த பூச்சை ஒன்றுக்கு இடுதல் நீடித்து நிற்கும். எழுந்தருளும் திருமேனிகளைப் புளியிட்டுத் துலக்குவாரும் அறிதல் வேண்டும்: புளிப்பு கரைப்பது களிம்பை, களிம்பாய்ப் போனது செம்பு. துலக்குந்தோறும் ஓரிழை செம்பு நீரோடு போகின்றது. பல தலைமுறைத் துலக்கலால் திருமுகத்து நுண்வரைகள் மழுங்கிய திருமேனிகள் நாடெங்கும் உள.

இனி மணிக்கு வருவோம். தூய செம்பில் மணி வார்த்தால் ஓசை விரைவில் அடங்கிவிடும். முன்னர்க் கூறிய பிறழ்ச்சிகள் அதிர்வின் ஆற்றலை உள்ளேயே உண்டு விடுதலே காரணம். செம்பு ஏறத்தாழ 78 பங்கும் வெள்ளீயம் 22 பங்கும் கூட்டினால், வெள்ளீய அணுக்கள் செம்பணுக்களோடு குறித்த விகிதத்தில் கூடி இறுகிய கூட்டுப் படிகங்களை அமைக்கின்றன. அவற்றில் அணுவரிசைகள் எளிதில் வழுக்கமாட்டா. உள்ளே ஆற்றல் செலவாகாமையின் அதிர்வு நெடுநேரம் நின்று ஓசையாய் வெளிப்படுகின்றது. அவ்விறுக்கமே மணியின் நோயும் ஆம். வழுக்க இடமின்மையால், முறைதவறி இரும்புச் சம்மட்டியால் அறைந்தால் மணி நெளியாது, கீறல் விடும். கீறல் விட்ட மணியின் இரு விளிம்புகளும் உராய்ந்து ஓசை கம்மும். அதற்கு மருந்து பெரும்பாலும் மறுவார்ப்பே. மறுவார்ப்பில் வெள்ளீயத்தில் ஒரு பகுதி எரிந்து சாம்பலாய்ப் போதலின், குறைந்ததைக் கூட்டி அளவு சரிசெய்தல் வேண்டும்.

ஆதலின் அடியார்கள் அன்பினால் கொணரும் பாண்டங்களை ஆராயாது மூசையில் இடுதல் மணிக்கு நன்றன்று. பித்தளைக் குடத்தோடு துத்தநாகம் புகும். பற்றவைத்த பழம்பாத்திரத்தோடு காரீயம் புகும். காரீயம் செம்போடு கரைந்து கலவாது. துளித்துளியாய் உள்ளே தனித்து நின்று அதிர்வை விழுங்கும். திருமேனி வார்ப்பில் அக்காரீயமே உலோகம் எளிதில் ஓடி நிரம்ப உதவும். ஆகவே பாண்டங்களை இனம் பிரித்து, செம்பையும் வெண்கலத்தையும் மணிக்கும், ஏனையவற்றை விலைக்கும் ஆக்கி, அப்பணத்தில் தூய வெள்ளீயம் வாங்குதலே நேரிய முறை.

பொன் மோதிரத்தால் ஓசை இனிக்குமா எனின், இனிக்காது. நூற்றுக்கணக்கான கிலோ உலோகத்தில் சில கிராம் பொன் ஒரு வேறுபாடும் செய்யாது. மிகுதியாக இட்டாலோ பொன்னும் வெள்ளியும் மென்மையானவை ஆதலின் ஓசை குன்றவே செய்யும். மோதிரத்தைக் கழற்ற முற்படும் அம்மையாரை மணிமூசையின் பக்கத்தினின்று அன்போடு அழைத்துச் சென்று தட்டாரிடம் விடுதல் வேண்டும். எட்டுக் கிராம் தூய பொன்னை ரேக்காய் அடித்தால் நான்கு சதுர மீட்டர் பரப்பை மூடும். அவர் ஈந்த பொன் கலசத்தின்மேல் வெயில் படும் இடத்திலேயே இருக்கும்.